க்ரூஸ் கப்பலுக்கு சொந்த ஒயின் பாட்டில் கொண்டு போலாமா? போலாம், ஆனா எல்லா பாட்டிலும் கொண்டு போற அளவுக்கு வொர்த் இல்ல

நீங்க கேட்டது என்னன்னா, கல்யாண நாளுக்கு மனைவியோட ஏழு நைட் க்ரூஸ் போறீங்க, கப்பல்ல ட்ரிங்க்ஸ் விலை கேட்டு மிரண்டு போய் வீட்டுலேர்ந்தே நாலஞ்சு ஒயின் பாட்டில் பெட்டிக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போலாமான்னு யோசிக்கிறீங்க, பிடிச்சா என்ன பண்ணுவாங்க, இதுல நிஜமா காசு மிச்சமாகுமா. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இதுக்கு ஒரே வரில பதில் சொன்னா பாதி பேருக்கு அது தப்பா போயிடும்.

மொத கேள்வி எந்த கம்பெனி கப்பல்ங்கறதுதான். எல்லா கப்பலுக்கும் பொதுவான ரூல்னு ஒண்ணு கிடையாது. கார்னிவல், ராயல் கரீபியன், ப்ரின்சஸ் மாதிரி பெரிய கம்பெனிகள்ல பொதுவா ஆளுக்கு ஒரு பாட்டில், 750 மில்லி, ஒயின் இல்லன்னா ஷாம்பெயின், அதுவும் கப்பல் ஏறுற முதல் நாள் மட்டும். ஆளுக்குன்னா குடிக்கிற வயசு வந்த ஆளுக்கு, அமெரிக்க துறைமுகத்துலேர்ந்து கிளம்புற கப்பல்னா 21, ஐரோப்பா பக்கம் பெரும்பாலும் 18. ஆக நீங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு பாட்டில் தாராளமா போகும், நாலஞ்சுதான் போகாது. இதுல ப்ரின்சஸும் ஹாலண்ட் அமெரிக்காவும் கொஞ்சம் தாராளம், இலவச பாட்டிலுக்கு மேல கூடுதலா கொண்டு வந்தாலும் பாட்டிலுக்கு இவ்ளோன்னு கட்டணம் வாங்கிட்டு உள்ள விட்டுடுவாங்க. நார்வீஜியன் இன்னும் வேற மாதிரி, எத்தனை பாட்டில் வேணா கொண்டு வா, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஏறும்போதே காசு கட்டு, ரொம்ப நாளா 750 மில்லிக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டிலுக்கு 30 டாலர்னு வச்சிருக்காங்க. டிஸ்னி கப்பல்ல ஆளுக்கு ரெண்டு ஒயின் பாட்டில் இல்லன்னா ஆறு பீர், முதல் நாள் மட்டும் இல்ல, வழியில ஒவ்வொரு துறைமுகத்துல ஏறும்போதும் அதே அளவு கொண்டு வரலாம், பெரிய கம்பெனிகள்ல இவ்ளோ தாராளம் ஆச்சரியம்தான். இன்னொரு ஓரத்துல எம்எஸ்சி, அங்க பொதுவா வெளி சரக்கே கூடாதுங்கறதுதான் ரூல். அந்தப் பக்கம் வைக்கிங், ஆத்துக் கப்பலா இருந்தாலும் கடல் கப்பலா இருந்தாலும் உங்க பாட்டிலை நீங்க கொண்டு வரலாம், தனிக் கட்டணமும் இல்ல, மதிய சாப்பாட்டுக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கும் அவங்களே ஒயின் ஊத்துவாங்க. சில்வர்சீ, ரீஜென்ட், சீபோர்ன் மாதிரி எல்லாம் சேர்த்து டிக்கெட் விக்கிற கப்பல்னா இந்தப் பேச்சே வேண்டாம், ட்ரிங்க்ஸ் ஏற்கனவே டிக்கெட் விலைக்குள்ள இருக்கு.

இந்த ரூலெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஒரே கம்பெனிலயே கப்பல் எந்த நாட்டுலேர்ந்து கிளம்புதுங்கறத பொறுத்தும் மாறும். கம்பெனி வெப்சைட்லயே ஆல்கஹால் பாலிசின்னு ஒண்ணு இருக்கும், கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி திரும்ப ஒரு தடவ படிச்சிருங்க. போன தடவ போனப்ப விட்டாங்களேன்னு செக்யூரிட்டிகிட்ட வாதாடுறது எடுபடாது.

ஏன் இவ்ளோ கெடுபிடின்னு நிறைய பேர் கோவப்படுறாங்க. டிக்கெட் விலைய குறைச்சு காட்டி ஆளை ஏத்திட்டு, உள்ள பார், ஸ்பா, கேசினோ, டூர்னு சம்பாதிக்கிறதுதான் இந்தத் தொழில். பெரிய கம்பெனிகளோட வருமானத்துல கிட்டத்தட்ட மூணில ஒரு பங்கு இப்படி கப்பலுக்குள்ள நடக்குற செலவுலேர்ந்துதான் வருது, அதுல பார் ரொம்ப முக்கியமான ஆளு. குடிச்சிட்டு கலாட்டா, யாரு எவ்ளோ குடிக்கிறாங்கன்னு தெரியாம போறது, இதெல்லாம் பாதுகாப்பு காரணமா சொல்வாங்க, அது பொய்யும் இல்ல, ஆனா ஒயின மட்டும் விட்டுட்டு விஸ்கி, ரம், வோட்காவ அடியோட நிறுத்துறதுல ரெண்டு காரணமும் கலந்திருக்கு. ஒயின் சாப்பாட்டோட சேர்ந்தது, ஸ்பெஷல் நாளுக்குன்னு ஆளுங்க ஆசையா வாங்கி வச்சிருப்பாங்க, அதுக்கு மட்டும் ஒரு சின்ன கதவு திறந்து வச்சிருக்காங்க. அதனால போர்ட், ஷெர்ரி மாதிரி பிராந்தி சேர்த்து ஆல்கஹால 17, 20 சதவீதம்னு ஏத்தின ஒயின் கொண்டு போறதா இருந்தா முன்னாடியே கேட்டுக்குங்க, டிஸ்னி அதெல்லாம் ஆகாதுன்னு தெளிவாவே எழுதி வச்சிருக்காங்க. அட்டைப்பெட்டி ஒயினும் வேலைக்கு ஆகாது. வீட்டுல போட்ட ஒயின், லேபிள் இல்லாத பாட்டில், ஏற்கனவே திறந்து மூடினது, இதையெல்லாம் முயற்சியே பண்ணாதீங்க, சீல் உடையாத கடை பாட்டில் மட்டும்.

இப்ப காசு கணக்குக்கு வருவோம், ஏன்னா உங்க கேள்வியோட உயிர் அங்கதான் இருக்கு. கார்க்கேஜ்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, உங்க பாட்டிலை அவங்க டேபிள்ல திறந்து, அவங்க கிளாஸ்ல ஊத்திக் குடுக்குறதுக்கு பாட்டிலுக்கு இவ்ளோன்னு வாங்குற கட்டணம். கார்னிவல், ராயல் கரீபியன்ல 15 டாலர், ஹாலண்ட் அமெரிக்கால 20, செலிப்ரிட்டி, டிஸ்னில இதைவிட கூட. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, பெரும்பாலான கம்பெனில அந்த முதல் பாட்டிலை உங்க கேபின்லயே திறந்து குடிச்சா இந்தக் கட்டணம் கிடையாது, டைனிங் ரூமுக்கோ பாருக்கோ கொண்டு போனாதான். நார்வீஜியன்ல மட்டும் எங்க குடிச்சாலும் ஏறும்போதே கட்டியாச்சு, அதனால அங்க கேபின்ல உக்காந்து குடிக்கிறதுல லாபம் எதுவும் இல்ல, நேரா நல்ல ரெஸ்டாரண்ட்டுக்கே எடுத்துட்டுப் போங்க.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுறேன். ஒரு பாட்டில்ல 150 மில்லி கணக்குல அஞ்சு கிளாஸ் வரும். கப்பல்ல ஒரு கிளாஸ் 13 டாலர்னு வச்சா அஞ்சு கிளாஸ் 65, அதுமேல 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் தானா ஏறும், சுமாரா 77 ஆச்சு. அதே கப்பல்ல முழு பாட்டிலா வாங்கினா சாதாரண ஒயின் ஒண்ணு 40 டாலர், சார்ஜ் சேர்த்து 47. நீங்க கடைல 20 டாலருக்கு வாங்கின பாட்டிலை கொண்டு போய் 15 கார்க்கேஜ் கட்டினா 35. மிச்சம் 12 டாலர். அந்த 12 டாலருக்காக ஒரு கண்ணாடி பாட்டிலை துணில சுத்தி, பெட்டில வச்சு, உடையுமா உடையாதான்னு பயந்து, ஏர்போர்ட் ஏர்போர்ட்டா தூக்கிட்டுப் போகணுமா? என்ன கேட்டா வேண்டாம். ஆனா அதே இடத்துல கடைல 50 டாலர் விலையுள்ள ஒரு நல்ல ஒயின எடுத்துக்குங்க, ரெஸ்டாரண்ட்ல வழக்கமா கடை விலைய ரெண்டு மூணு மடங்காக்கித்தான் மெனுல போடுவாங்க, அது கப்பல்ல 120 டாலர்னு நின்னா சார்ஜோட 140ஐ தாண்டும், உங்களுக்கு 50ம் 15ம் சேர்த்து 65தான். கார்க்கேஜ் பாட்டில் விலைய பாத்து வாங்குறதில்ல, மட்டமான ஒயினுக்கும் அதே 15, உசந்த ஒயினுக்கும் அதே 15, அதனால கொண்டு போறதா இருந்தா இருக்குறதுலயே நல்ல பாட்டிலா கொண்டு போங்க, மலிவு ஒயினெல்லாம் வீட்டுல குடிச்சுக்கலாம். இங்க நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, சூப்பர் மார்க்கெட்ல இருக்குறதுலயே கம்மி விலைல ரெண்டு எடுத்துட்டு ஜெயிச்சிட்டோம்னு ஏறுறாங்க, டைனிங் ரூம்ல ஒயின் விலைய விட கார்க்கேஜ் ஜாஸ்தியா இருக்கும்.

ட்ரிங்க்ஸ் பேக்கேஜ் எடுக்கப் போறீங்கன்னா இந்தக் கணக்கே மாறிடும். பேக்கேஜ்ல ஒரு அளவு விலை வரைக்கும் உள்ள கிளாஸ் ஒயின் எல்லாம் அடங்கிடும், அப்புறம் எதுக்கு பாட்டில். ஆனா கார்னிவல், ராயல் கரீபியன் ரெண்டுலயும் ஒரே கேபின்ல ஒரு பெரியவங்க பேக்கேஜ் எடுத்தா இன்னொரு பெரியவங்களும் எடுத்தே ஆகணும், கார்னிவல்ல ஒரு நாளைக்கு 15 ஆல்கஹால் ட்ரிங்க்னு மேல் வரம்பும் இருக்கு. உங்க வீட்டம்மா ராத்திரி சாப்பாட்டோட ஒரு கிளாஸ் மட்டும்தான் குடிப்பாங்கன்னா ரெண்டு பேக்கேஜ் தண்டம், ரெண்டு நல்ல பாட்டிலும் அப்பப்ப ஒரு கிளாஸும் போதும்.

கொண்டு போற விதம். ஃப்ளைட்ல போய் கப்பல் ஏறுறதா இருந்தா, பெரும்பாலான ஏர்போர்ட்ல ஹேண்ட் லக்கேஜ்ல 100 மில்லிக்கு மேல திரவம் விடமாட்டாங்க, அதனால ஃப்ளைட்டுக்கு பெரிய பெட்டிலதான் போகணும். 24 சதவீதத்துக்கு கீழ ஆல்கஹால் இருக்குற ஒயினுக்கு விமானப் பாதுகாப்பு விதில அளவு கட்டுப்பாடு இல்ல, பெட்டி எடையும் போற நாட்டு கஸ்டம்ஸும்தான் கட்டுப்பாடு. ஷாம்பெயின் மேல வெடிச்சிடும்னு ஒரு பயம் இருக்கு எல்லாருக்கும், அந்த பாட்டிலுக்குள்ள சாதாரணமாவே அஞ்சாறு மடங்கு காற்றழுத்தம் இருக்கு, அதை தாங்குற மாதிரிதான் கண்ணாடியே தடியா செஞ்சிருக்காங்க, பெட்டி போற இடமும் ஆள் உக்கார்ற இடம் மாதிரியே அழுத்தம் ஏத்தினதுதான், அதனால வெடிக்காது. மோதி உடையுறதுதான் நிஜமான ஆபத்து. பாட்டிலை சீல் ஆகுற பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ஜீன்ஸ் மாதிரி தடிச்ச துணில சுத்தி, பெட்டிக்கு நடுவுல, எந்த ஓரத்துலயும் இடிக்காத மாதிரி வைங்க. காரோட டிக்கில வெயில்ல கிடக்க விட்டுடாதீங்க, சூட்டுல உள்ள ஒயின் விரிஞ்சு கார்க்க வெளிய தள்ளும், அப்புறம் அது எவ்ளோ விலை குடுத்த ஒயினா இருந்தாலும் வேஸ்ட். எனக்கு பிடிச்ச வழி என்னன்னா இதெல்லாம் இல்லாம, துறைமுக ஊருக்கு முந்தின நாளே போய் சேர்ந்து அங்கயே ஒரு நல்ல ஒயின் கடைல வாங்கிக்கிறதுதான், கப்பலுக்கு முந்தின நாள் போறது ஃப்ளைட் லேட்டானாலும் நல்லது.

டெர்மினல் வாசல்ல போர்ட்டர் உங்க பெரிய பெட்டிய வாங்கி டேக் பாத்து டிராலில போட்டுடுவாரு, அது சாயங்காலம்தான் கேபின் வாசலுக்கு வரும். ஒயின் அதுக்குள்ள இருக்கவே கூடாது. ஃப்ளைட்டுக்கு பெரிய பெட்டி, கப்பலுக்கு கைப்பை, இந்த இடமாத்தல ஹோட்டல்லயே பண்ணிடுங்க. பெரிய பெட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வண்டில இடிபடும், உள்ள ரெட் ஒயின் உடைஞ்சா கல்யாண நாள் டிரெஸ் அவ்ளோதான். தவிர கார்னிவல் மாதிரி கம்பெனில ரூலே அதுதான், கைப்பைல கொண்டு வந்தாதான் கணக்கு. பெல்ட்ல பை போகும்போது எக்ஸ்ரே ஸ்க்ரீன்ல பாட்டில் கழுத்து பளிச்சுனு தெரியும், பையை ஓரமா எடுத்து வச்சு திறக்க சொல்வாங்க, லேபிளும் மில்லியும் பாப்பாங்க, ரெண்டு பேரு ரெண்டு பாட்டில்னு பாத்துட்டு போகச் சொல்லிடுவாங்க. நார்வீஜியன் மாதிரி இடத்துல அங்கயே பக்கத்துல ஒரு மேசை போட்டு ஆள் உக்காந்திருப்பாங்க, கணக்கு எழுதி, கட்டினதுக்கு அடையாளம் பாட்டில்ல ஒட்டி குடுப்பாங்க, அந்த ஸ்டிக்கர கிழிச்சிடாதீங்க, ரெஸ்டாரண்ட்ல அதை பாத்துதான் திரும்ப காசு கேக்காம திறப்பாங்க. பை மேலயே பாட்டிலை வச்சு, கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே எடுத்து காட்டினா ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்.

இனி ஒளிச்சு கொண்டு போற விஷயம், நீங்க லேசா கேட்டிருந்தீங்க. மவுத்வாஷ் பாட்டில்ல கலர் போட்டு ஊத்துறது, ஷாம்பூ பாட்டில், மடிச்சு வைக்கிற பிளாஸ்டிக் பை, இதெல்லாம் இன்டர்நெட்ல பெரிய ரகசியம் மாதிரி சொல்லிட்டு திரிவாங்க, ஆனா அந்த எக்ஸ்ரே முன்னாடி வாரத்துக்கு வாரம் ஆயிரக்கணக்கான பெட்டி பாக்குற ஆளுக்கு அதெல்லாம் எப்பவோ பழசு. நடக்கறது என்னன்னா மத்தவங்க பெட்டி எல்லாம் வந்துடும், உங்களுது மட்டும் வராது, செக்யூரிட்டி ரூமுக்கு வாங்கன்னு ஒரு சீட்டோ போனோ வரும். முதல் நாள் ராத்திரி, மாத்திக்க துணி இல்லாம, கீழ்த்தளத்துல ஒரு கதவு முன்னாடி உங்கள மாதிரியே முழிச்சிட்டு நிக்கிற நாலு பேரோட க்யூல நின்னு, ஊர் பேர் தெரியாத ஒரு ஆள் முன்னாடி உங்க உள்ளாடை எல்லாம் எடுத்து போட்டு பாட்டிலை வெளிய எடுக்கணும். ரூல்ல கப்பலை விட்டே இறக்கலாம்னும் எழுதி வச்சிருப்பாங்க. ஒரு ஒயினுக்காக இது தேவையா. அளவுக்கு மேல போன பாட்டில சில கம்பெனி கடைசி நாள் திருப்பி தரும், கார்னிவல் தராது, கொட்டிடும், காசும் கிடையாது.

கேபின்ல பாட்டிலை எப்படி வச்சுக்கிறதுன்னு யாரும் சொல்றதில்ல, அதனால சொல்றேன். அந்த மினி ஃப்ரிட்ஜ் நிறைய கப்பல்ல நிஜ ஃப்ரிட்ஜ் இல்ல, லேசா குளிர வைக்கிற ஒரு பெட்டிதான், ஒயிட் ஒயினோ ஷாம்பெயினோ அதுல நல்லா ஜில்லுனு ஆகாது. கேபின் அட்டெண்டர்கிட்ட ஐஸ் பக்கெட் கேளுங்க, ஐஸோட தண்ணியும் கலந்து விடுங்க, வெறும் ஐஸைவிட சீக்கிரம் குளிரும், இருபது முப்பது நிமிஷம் போதும். கிளாஸும் அவங்ககிட்டயே கேளுங்க, ரூம்ல இருக்குற பல்லு தேய்க்கிற டம்ளர்ல நல்ல ஒயின ஊத்தாதீங்க ப்ளீஸ். ஓப்பனர் கொண்டு போகணும்னு அவசியமில்ல, கேட்டா தருவாங்க, இன்னும் சுலபம் திருகு மூடி பாட்டிலா வாங்கிடுறது. பால்கனி வெயில் படுற மேசைல பாட்டிலை வைக்காதீங்க. கப்பல் ஆடுறப்ப நிக்க வச்ச பாட்டில் உருண்டு விழும், அலமாரில துணிக்கு நடுவுல படுக்க வச்சிடுங்க. பத்து பதினஞ்சு வருஷம் பழைய ரெட் ஒயின் வச்சிருந்தீங்கன்னா அதை வீட்டுலயே விட்டுட்டுப் போங்க, அடில தங்கியிருக்குற வண்டல் பயணத்துல கலங்கி அது தெளிய ரெண்டு மூணு நாள் அசையாம நிக்கணும், கப்பல்ல அது எங்க நிக்கப் போகுது. சின்ன வயசு ஒயின்தான் பயணத்துக்கு சரி. மீனும் கறியும் ஒரே டேபிள்ல வர்ற இடம்ங்கறதால ரெட்ல பினோ நுவார் மாதிரி லேசானது எடுத்தா ரெண்டுக்கும் ஒத்துப் போகும்.

என் யோசனை: ரெண்டு பாட்டில்ல ஒண்ணு ஷாம்பெயின், கப்பல் கிளம்புறப்ப உங்க பால்கனியில திறங்க, கேபினுக்குள்ளங்கறதால நார்வீஜியன் தவிர பெரும்பாலும் கார்க்கேஜ் இல்ல. இன்னொண்ணு நல்ல ரெட், கல்யாண நாள் அன்னிக்கு தனியா காசு கட்டி போற ரெஸ்டாரண்ட்டுல டேபிள் போட்டு அங்க கார்க்கேஜ் கட்டி குடிங்க. அந்த கார்க்கேஜ் தண்டச் செலவு இல்ல, நல்ல கிளாஸ், சரியான குளிர்ச்சி, ஊத்திக் குடுக்க ஒரு ஆள், எல்லாம் அதுல அடங்கும். ரெஸ்டாரண்ட் ஒயின் லிஸ்ட்ல ஏற்கனவே இருக்குற அதே ஒயின கொண்டு போறது கொஞ்சம் மரியாதைக் குறைவு, லிஸ்ட் ஆன்லைன்ல கிடைச்சா பாத்துக்குங்க. நல்ல பாட்டில்னா ஊத்துற ஆளுக்கும் ஒரு வாய் ருசி பாக்க குடுக்கறது பழக்கம், அதுக்கப்புறம் அவங்க உங்கள கவனிக்கிற விதமே வேற. பாட்டில் முடியலன்னா கவலப்படாதீங்க, மூடி, கேபின் நம்பர் எழுதின சீட்டு மாட்டி உள்ள வச்சிருந்து மறுநாள் சாப்பாட்டுக்கு கொண்டு வருவாங்க, அதுக்கு திரும்ப காசு இல்ல. கேபின்ல ஊத்தின கிளாஸ கைல எடுத்துட்டு டைனிங் ரூமுக்கு நடந்து போறவங்களும் உண்டு, பெரும்பாலும் யாரும் கேக்குறதில்ல. நீச்சல் குளம் பக்கம் மட்டும் கண்ணாடி கிளாஸோட போகாதீங்க, உடைஞ்சா வெறுங்காலோட நடக்குற எல்லாருக்கும் ஆபத்து, அங்க நிறுத்துவாங்க.

கடைசியா வழில இறங்குற ஊர்ல வாங்குற ஒயின். டிஸ்னி, நார்வீஜியன் மாதிரி சில இடம் தவிர பெரும்பாலான பெரிய கப்பல்ல திரும்ப ஏறும்போது அந்த பாட்டிலை வாங்கி ரசீது குடுத்து உள்ள வச்சிடுவாங்க, கப்பலோட சொந்தக் கடைல வாங்கினதுக்கும் இதேதான். பயணம் முடியுறப்பதான் கைக்கு வரும். இதுல ஒரு சிக்கல் இருக்கு, பெரிய பெட்டிய கடைசி ராத்திரியே கேபினுக்கு வெளிய வைக்க சொல்லிடுவாங்க, அதுக்கப்புறம் பாட்டில் வந்தா அது உங்க கைல நிக்கும், ஏர்போர்ட் செக்யூரிட்டில கைப்பைல விடமாட்டாங்க. அதனால பெட்டில முன்கூட்டியே இடம் விட்டு வச்சு, டெர்மினல்ல இறங்கி பெட்டி கைக்கு வந்ததும் ஓரமா நின்னு பாட்டிலை உள்ள மாத்திட்டு அப்புறம் ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறுங்க, சுத்துறதுக்கு ஒரு பழைய டவலும் டேப்பும் கைப்பைலயே வச்சுக்குங்க. அமெரிக்கால இறங்குறதா இருந்தா பொதுவா 21 வயசானவங்களுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல இருந்தா கஸ்டம்ஸ்ல சொல்லிடுங்க, ஒயினுக்கு வரி பெருசா ஒண்ணும் வராது.